அந்தக் காற்று எங்கிருந்து வந்தது?

அப்பா முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். கச்சான் காற்று மணலை வாரிக் கதவடியில் கொட்டிக்கொண்டிருந்த ஆடி மாதத்துப் பின்னேரம் அது. நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலின் கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கியிருந்தேன். "அந்த நாட்டில் மந்திரம் தெரிந்த ஒருவர் படகில் ஏறினால் போதும் அப்பா, வேண்டிய பக்கம் பாய்க்குக் காற்று வரும்" என்றேன். அப்பா ஊசியை நிறுத்தினார்.

"அப்ப அந்தக் காத்த எங்க இருந்து மனே எடுக்கிற?"

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அவர் கேட்ட இந்தக் கேள்வியின் மேல்தான் முழு நாவலும் நிற்கிறது. கதையில் ரோக் என்ற தீவில் மந்திரம் கற்பிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடம் காய்ந்துபோகலாம், ஆகவே செய்வதன் விளைவு முழுதும் தெரியாமல் எதையும் மாற்றாதே என்பதுதான் அங்குள்ள ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம். கதையின் நாயகன் அதைக் காதில் வாங்குகிறான், மனதில் வாங்கவில்லை. அதனால் வருவதுதான் மிச்சக் கதை.

நூலின் பெயர் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ'. எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின். 1968-இல் வந்தது. எர்த்சீ என்ற கற்பனை உலகைப் பற்றி அவர் எழுதிய நூல்வரிசையில் இதுதான் முதலாவது. பெரிய கண்டம் என்று ஒன்றும் அந்த உலகில் இல்லை. எங்கு பார்த்தாலும் கடல், கடல் நடுவே தீவுகள், தீவுகளுக்கு இடையில் படகுகள். கதை எழுதத் தொடங்குமுன் லெ குவின் முதலில் வரைந்தது அந்தத் தீவுகளின் வரைபடத்தைத்தான். வாசிக்கும்போது அது நன்றாகத் தெரிகிறது. எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எத்தனை நாள், எந்தக் காற்றில் போகலாம் என்பதில் ஆசிரியருக்குத் தடுமாற்றமே இல்லை. நான் ஒரு விரலை வரைபடப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசித்து முடித்தேன்.

எங்கள் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த நண்பன் கொண்டுவந்து தந்த பிரதி இது. மெல்லிய புத்தகம், பத்தே அத்தியாயங்கள், ஏறக்குறைய இருநூறு பக்கம். மாயாஜால நாவல் என்றாலே தலையணை அளவில், மூன்று நாடுகள் போர் செய்துகொண்டு, நடுவில் ஒரு கொடிய அரசன் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இதில் அப்படி ஓர் அரசனும் இல்லை, படை திரண்டு மோதும் பெரும்போரும் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முடிவைச் சொல்ல மாட்டேன். கொண்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் டூனி. தாய் அவன் ஒரு வயது ஆகுமுன்பே இறந்துவிட்டாள், தகப்பன் வெண்கலக் கொல்லன். மந்திரம் கொஞ்சம் தெரிந்த பெரியம்மா முறையான ஒருத்தி ஆட்டைக் கூப்பிடச் சொன்ன சொல்லை ஒட்டுக்கேட்டு, விளையாட்டாகத் தானும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் எல்லாம் வந்து அவனை நெருக்குகின்றன. போகச் சொல்லத்தான் அவனுக்குத் தெரியவில்லை. முதல் சில பக்கங்களிலேயே முழு நாவலும் இந்த ஆட்டுக் காட்சிக்குள் அடங்கியிருக்கிறது என்பது இரண்டாம் முறை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. கூப்பிடத் தெரியும், திருப்பி அனுப்பத் தெரியாது.

பன்னிரண்டு வயதில், படையெடுத்து வந்தவர்களிடமிருந்து மூடுபனியை நெய்து ஊரைக் காப்பாற்றுகிறான். பதின்மூன்றில் ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி அவனுக்கு உண்மைப் பெயரைச் சூட்டுகிறார்: கெட். பிறகு ரோக் பள்ளிக்கூடம், அங்கே ஜாஸ்பர் என்ற மாணவனோடு போட்டி. ஒரு கோடைக் கொண்டாட்ட இரவில், தன் பலத்தைக் காட்டுவதற்காக இறந்துபோன ஒருத்தியைக் கூப்பிடுகிறான். திறந்த இடைவெளி வழியே அவளோடு ஒரு நிழலும் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்த இடைவெளியை மூடுவதற்குப் பள்ளியின் முதிய தலைவர் தன் உயிரையே கொடுக்கிறார். நிழல் தப்பிவிடுகிறது. அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒன்றை மந்திரத்தால் கட்ட முடியாது.

இந்தப் பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். எர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. ஆகவே மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை ஒளித்துவைத்து, ஊருக்கு வேறு பெயரில் திரிகிறார்கள். கெட்டை எல்லாரும் ஒரு பறவையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், தமிழில் வல்லூறு என்று சொல்லலாம். உயிருக்கு உயிரான நண்பனிடம் மட்டுமே உண்மைப் பெயரைச் சொல்வார்கள். வெச் என்ற தோழன், கெட் எல்லாரும் ஒதுக்கும் நிலையில் இருக்கும்போது, கேட்காமலே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவான். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்த இடம் அது.

இது எனக்குக் கற்பனையாகவே தோன்றவில்லை. 2005 தை மாதம், சுனாமிக்குப் பிறகு, எங்கள் ஊரான நாவலடியில் இருந்து போன நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது பதிவு எடுக்க வந்தார்கள். எங்கள் பாட்டியை நாங்கள் பெத்தா என்போம், அவவிடம் கணவர் பெயர் கேட்டார்கள். பெத்தா தலையைக் குனிந்துகொண்டு என் தோளைத் தட்டினா. "பெத்தப்பாட பேரச் சொல்லு மனே." பெத்தப்பா இறந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. வீடு, பெட்டகம் எல்லாம் போய்விட்டிருந்தன. ஆனாலும் அந்தப் பெயர் அவவின் வாயால் வரவில்லை. இரவில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டா, கயிறு என்பா. அம்மை போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்பா. பெயருக்குப் பாரம் உண்டு என்று புத்தகம் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மட்டக்களப்பு மந்திரத்தைப் பற்றி வெளியூரில் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும், பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நான் கண்ட மந்திரம் அப்படி இல்லை. பிள்ளைக்குக் கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பவர், வைகாசிச் சடங்கில் பத்து நாள் விரதம் இருந்து கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுபவர்கள், மழை பொய்த்தால் மழைக்காவியம் படிக்கும் கிழவர்கள். இவர்கள் யாரும் பலத்தைக் காட்டுவதற்காக அதைச் செய்யவில்லை. ஓகியனைப் படித்தபோது எனக்கு அந்தக் கிழவர்களின் முகம்தான் வந்தது. மழை பெய்கிறது, ஓகியன் நினைத்தால் மேகத்தைத் தள்ளிவிடலாம், ஆனால் அவர் மரத்தடியில் படுத்துவிடுகிறார். கெட்டுக்கு எரிச்சல் வருகிறது: இத்தனை சக்தி இருந்து என்ன பயன்? சிறுவயதில் எனக்கும் பெத்தாவின் பொறுமை மேல் அப்படி எரிச்சல் வந்திருக்கிறது. லெ குவின் சீனத்துத் தாவோ சிந்தனையில் தோய்ந்தவர், ஆகவே இந்த அமைதி அங்கிருந்து வந்திருக்கும். எங்கள் ஊர்க் கிழவர்கள் அதைப் படிக்காமலே வைத்திருந்தார்கள்.

சரி, இனி கடலுக்கு வருகிறேன். இந்த நாவலை நான் மற்றவர்களுக்குக் கொடுக்க விரும்புவதற்கு முக்கியக் காரணம் கடல்தான். கெட் பள்ளியில் மந்திரக் காற்று எழுப்பக் கற்றவன், ஆனால் வெறும் கையால் படகு ஓட்டத் தெரியாதவன். லோ டோர்னிங் என்ற சின்னத் தீவுக்கூட்டத்தில் படகு கட்டும் ஒரு தொழிலாளிதான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறான். இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. பின்னால் கெட் ஒரு பழைய படகை வாங்குகிறான். அதற்கு விலையாக, அதன் சொந்தக்காரரான கிழவரின் கண்ணில் வளர்ந்திருந்த வெண்படலத்தை நீக்கிப் பார்வையைத் திருப்பிக் கொடுக்கிறான். கிழவர் படகுக்கு 'லுக்ஃபார்' என்று பெயர் வைக்கச் சொல்லி, அதன் முன்முனையான அணியத்தில் இரண்டு கண்களை வரையச் சொல்கிறார். தூரம் பார்ப்பவள் என்று நான் தமிழில் சொன்னேன். அப்பா தன் தோணிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர். கண் வரையும் இடத்தை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

எட்டாம் அத்தியாயத்தில் ஓர் இடம் இருக்கிறது. படகு உடைந்து, கெட் கடல் நடுவே ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிறான். அங்கே ஒரு கிழவனும் கிழவியும். அண்ணனும் தங்கையும் போல. குழந்தையாக இருந்தபோது யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக வேறு மனிதரையே காணாமல், சுள்ளிக் குடிசையில், உவர் கலந்த ஓர் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து இருக்கிறார்கள். கிழவன் பயத்தில் கிட்ட வருவதே இல்லை. கிழவி மெல்ல மெல்ல நெருங்கி, தன்னிடம் இருக்கும் செல்வத்தைக் காட்டுகிறாள்: முத்துப் பதித்த ஒரு குழந்தைச் சட்டை, உப்பேறி மங்கியது. தான் அரச குடும்பத்துப் பிள்ளை என்பதற்கு மிஞ்சிய ஒரே சான்று. பிறகு அவன் கையில் ஓர் உடைந்த வளையத்தின் பாதியை வைக்கிறாள். அது என்ன என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவர்களை மனிதர் வாழும் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். கிழவன் மாட்டேன் என்கிறான். போகும்போது கெட் அந்த ஊற்றில் ஒரு மந்திரம் வைத்துவிட்டுப் போகிறான், தண்ணீர் இனிப்பாக வருவதற்கு.

கதையின் வேட்டைக்கு இந்தக் காட்சி தேவையே இல்லை. வேறு எழுத்தாளர் என்றால் வெட்டியிருப்பார். எனக்கு இதுதான் நாவலின் உச்சம். எங்கள் நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கிணற்றை இறைத்து இறைத்துப் பார்த்தோம், உப்புத்தான் வந்தது. அம்மா ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பாமல் விழுங்கினதை நான் பார்த்தேன். ஒரு மந்திரவாதி தன் உயிருக்கே ஆபத்து இருக்கும் நேரத்தில், யாரென்று தெரியாத இரண்டு பேரின் கிணற்றை நல்லதாக்கிவிட்டுப் போகிறான் என்று எழுத ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே. அதற்காகவே இந்த ஆசிரியரை நான் கும்பிடுவேன்.

இந்த எட்டாம் அத்தியாயத்துக்கு முன்புவரை கெட் ஓடுகிறான். தீவு தீவாக, நிழல் பின்னால் வர வர ஓடுகிறான். ஏழாம் அத்தியாயத்தின் கடைசியில், களைத்துப்போய் ஓகியனிடம் திரும்பி வருகிறான். அவர் சொல்வது ஒன்றுதான்: திரும்பு. உன்னைத் துரத்துவதை நீ துரத்து. கெட்டுக்குப் பெயர் கிடைத்த வயது பதின்மூன்று. 2004 டிசம்பர் 26 அன்று எனக்கும் பதின்மூன்று. எங்கள் வீட்டில் இருவர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு பல வருஷம் நான் கடற்கரைப் பக்கம் போகவில்லை. கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது கடல் பக்கம் பார்க்காமல் வாவிப் பக்கமாகத் திரும்பி இருப்பேன். ஆகவே அந்த அத்தியாயத்தை நான் ஓர் இரவில் மூன்று தரம் வாசித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி எனக்குப் பிடிக்காதது. கொண்ட் தீவில் பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள், நாவல் அதை மறுத்து ஒரு சொல் சொல்வதில்லை. ரோக் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். கெட்டைத் தவறான பக்கம் இழுப்பவள் செரட் என்ற பெண், அவளுக்கும் கடைசியில் அழிவுதான். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருகிறது, வீடும் வளவும் மகளுக்குப் போகின்றன, ஊரைக் காப்பவள் அம்மன். இதற்குள் வளர்ந்த எனக்கு இந்த இடங்கள் தொண்டையில் முள் மாதிரி நின்றன. லெ குவினே பின்னாளில் இதை உணர்ந்தார். 1990-இல் வந்த நான்காம் நூலான 'டெஹானு'வில் அதே உலகத்தை ஒரு பெண்ணின் கண்ணால் திரும்பப் பார்க்கிறார். தன் தவறைத் திருத்தத் தானே திரும்பிவந்த எழுத்தாளர் என்பதில் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனாலும் முதல் நூலை மட்டும் வாசிக்கும் பெண்பிள்ளைக்கு அந்த மனவருத்தம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, முதல் இரண்டு அத்தியாயமும் வேகமாக ஓடுகின்றன. உரையாடல் குறைவு, பெரியவர் ஒருவர் திண்ணையில் இருந்து பழங்கதை சொல்வது போன்ற நடை. தீவுப் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். ஜாஸ்பருக்கு என்ன ஆனது என்று அறிய ஆசையாக இருந்தேன், ஓரிரு வரியில் முடித்துவிட்டார். ஆங்கிலமும் லேசு இல்லை. பழைய சொற்கள், நீண்ட வாக்கியங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அகராதியோடு இருந்தால் சமாளிக்கலாம். வாய்விட்டு வாசித்தால் பாதிக் கஷ்டம் போய்விடும், காதுக்காக எழுதப்பட்ட உரைநடை அது.

பின்னேரங்களில் நான் கல்லடியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகளுக்கு முதல் அத்தியாயத்தைச் சுருக்கிச் சொல்லி, கெட்டின் படத்தை வரையச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் ஒரு பிள்ளை, "சேர், அவன் கெட்டவனா?" என்று கேட்டது. நல்ல கேள்விதான், கடைசி வரை வாசித்தால் பதில் கிடைக்கும் என்றேன். ஒன்பது பேரில் ஏழு பேர் அவனுக்கு மஞ்சள் முடியும் வெள்ளைத் தோலும் போட்டிருந்தார்கள். பிறகு நான் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன்: கெட் செம்பழுப்பு நிறம், வெச் கறுப்பு, ஊரை எரிக்க வரும் கார்க் இனத்தவர்தான் வெள்ளை. வகுப்பு அமைதியாகிவிட்டது. 1968-இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் வேண்டுமென்றே செய்த காரியம் அது. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாகவே எழுதிக் கண்டித்தார். ஒரு பிள்ளை அழிறப்பரை எடுத்து முடியை அழிக்கத் தொடங்கினாள், மற்றவர்களும் பிறகு அழித்தார்கள். அந்த ஒன்பது படங்களும் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கின்றன.

அப்பாவுக்குக் கதை சொல்லி முடிக்க எட்டு நாள் எடுத்தது. கடைசி அத்தியாயத்தில் கெட்டும் வெச்சும் லுக்ஃபாரில் ஏறி, வரைபடத்தில் உள்ள கடைசித் தீவையும் தாண்டிக் கிழக்கே போகிறார்கள், நிழலைத் தேடி. நான் அங்கே நிறுத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"சாப்பாடு, தண்ணி?"

நல்லவேளை, அதற்கும் நூலில் பதில் இருந்தது. வெச்சின் தங்கை, அவள் பெயரே 'யாரோ'தான், நீங்கள் ஏன் மந்திரத்தாலேயே சாப்பாட்டை வரவைக்கக் கூடாது என்று கேட்பாள். அந்தச் சாப்பாடு ருசிக்கும், ஆனால் உடம்பில் ஒட்டாது, பலம் தராது. ஆகவே மந்திரவாதிகளும் கட்டுச்சோறு கட்டித்தான் போக வேண்டும். அப்பா தலையாட்டினார். பிறகு மிச்சத்தைச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் வலையை மடித்துவைத்தார். அன்று இரவு சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டார்:

"அந்தக் கண் வைச்ச தோணி? அது என்ன ஆச்சு?"

அடுத்த நூலிலும் அது வரும் என்றேன், உடைந்த வளையமும் வரும்.

"அப்ப அதையும் எடுப்பி" என்றார்.